பன்னிரண்டு கட்டைகளின் கதை: ஹால்பெர்ஷ்டாட்டிலிருந்து தஞ்சாவூர் வரை



நமது ஆண்டு நிறைவு மலரில் சபையின் வரலாற்றைப் பலரும் எழுதுவார்கள். இந்தக் கட்டுரையோ, ஞாயிறுதோறும் நம்மோடு ஆராதனையில் இருந்தும் யாரும் வரலாறு கேட்காத ஒன்றைப் பற்றியது. அதுதான் கீபோர்டில் இருக்கும் கட்டைகள்.

பிள்ளைகளே, ஆராதனை முடிந்ததும் கீபோர்ட் வாசிக்கும் அண்ணாவிடமோ அக்காவிடமோ கேட்டுவிட்டு அதன் முன்னால் போய் நில்லுங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்குச் சற்று இடப்பக்கமாக ஒரு வெள்ளைக் கட்டை இருக்கும். நீங்கள் பாடசாலையில் 'ட்செ' என்று படிக்கும் சுரம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கமாக, வெள்ளை, கறுப்பு ஒன்றையும் விடாமல், வரிசையாக அழுத்திக்கொண்டு போங்கள். பன்னிரண்டு கட்டைகள் முடிந்து பதின்மூன்றாவதை அழுத்தும்போது மறுபடியும் 'ட்செ' வரும். அதே சுரம், ஆனால் மேல்ஸ்தாயி.

இப்படி ஒன்றையும் தாண்டாமல் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறும் வரிசைக்குக் குரோமாட்டிக் வரிசை என்று பெயர். 'குரோமா' என்றால் கிரேக்க மொழியில் நிறம். ஏழு சுரங்களில் பாட்டு நடக்கிறது, இடையில் வரும் ஐந்தும் அதற்கு நிறம் கொடுக்கின்றன என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் பன்னிரண்டு? பத்து ஏன் இல்லை, பதினைந்து ஏன் இல்லை? யார் தீர்மானித்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நாம் இப்போது வாழும் ஜேர்மனியின் ஆலயங்களுக்குள் நுழைந்து, தரங்கம்பாடியில் கரையிறங்கி, தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வைத்தியரின் வீட்டில் போய் நிற்போம்.

எட்டாவது சுரம் வந்த விதம்

ஐரோப்பிய ஆலயங்களில் ஆதியில் பாடிய லத்தீன் கீதங்களுக்குப் பன்னிரண்டு சுரம் தேவைப்படவில்லை. கருவி இல்லாமல், எல்லாரும் ஒரே மெட்டில் பாடினார்கள். ஏழு சுரங்களே போதுமாயிருந்தன. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கீதோ என்ற துறவி, பாடகர் குழுச் சிறுவர்கள் புதுப்பாட்டை விரைவாகப் படிப்பதற்கு ஒரு வழி கண்டார். யோவான் ஸ்நானகனைப் பற்றிய ஒரு லத்தீன் கீதத்தில் ஒவ்வோர் அடியும் முந்திய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார். உத், ரே, மி, ஃபா, சோல், லா. நமக்கு ச, ரி, க, ம எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

ஆனால் அந்த ஏழிலும் ஒரு சங்கடம் இருந்தது. 'எஃப்' சுரத்துக்கும் அதற்கு மேலே வரும் ஏழாவது வெள்ளைக் கட்டைக்கும் உள்ள உறவு காதுக்குக் கரடாக இருந்தது. அதனால் பாடகர்கள் சில இடங்களில் அந்தச் சுரத்தை அரைச்சுரம் இறக்கிப் பாடினார்கள். எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க, இறக்கிய சுரத்துக்கு வட்டமான 'பே' எழுத்தையும், இறக்காததற்குச் சதுரமான 'பே' எழுத்தையும் போட்டார்கள். வட்ட எழுத்திலிருந்துதான் சுரத்தை இறக்கும் அடையாளம் வந்தது. சதுர எழுத்தோ ஜேர்மன் நாட்டில் பார்வைக்கு 'ஹா' எழுத்தைப்போல இருந்தபடியால் 'ஹா' என்றே நிலைத்துவிட்டது.

பிள்ளைகளே, லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் உங்கள் மச்சான், மச்சாள்மார் 'பி' என்று சொல்லும் சுரத்தை நீங்கள் 'ஹா' என்று படிப்பதன் காரணம் இதுதான். அவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். குரோமாட்டிக் வரிசையின் முதல் நிறச்சுரம் இப்படித்தான் ஆலயப் பாட்டுக்குள் வந்தது.

ஹால்பெர்ஷ்டாட்டின் பெரிய ஓர்கன்

காலம் செல்ல, ஆலயங்களில் பல குரல்கள் பல மெட்டுகளில் ஒன்றாகப் பாடத் தொடங்கின. ஒரு குரலுக்குப் பொருந்திய சுரம் இன்னொரு குரலோடு மோதியது. வேறு வேறு இடங்களில் அரைச்சுரம் ஏற்றவும் இறக்கவும் வேண்டி வந்தது. ஒன்றாக இருந்த நிறச்சுரம் ஐந்தாகியது.

ஹார்ஸ் மலைகளுக்கு வடக்கே உள்ள ஹால்பெர்ஷ்டாட் பேராலயத்தில் 1361ஆம் ஆண்டு ஒரு பெரிய ஓர்கன் முடிக்கப்பட்டது. பன்னிரண்டு சுரக் கட்டைவரிசைக்குப் பழைய சான்றாக இசை வரலாற்று நூல்கள் சுட்டுவது இந்த ஓர்கனைத்தான். 1619இல் மிகாயேல் பிரெட்டோரியஸ் என்ற இசையறிஞர் அதன் கட்டைகளைப் படம் வரைந்து விவரித்திருக்கிறார். அவை இன்றைய கட்டைகளைப்போல விரலுக்கு அளவானவை அல்ல, கையால் அடித்து அழுத்த வேண்டிய அளவுக்கு அகலமானவை. காற்று கொடுக்க இருபது துருத்திகள், அவற்றை மிதிக்கப் பத்து ஆட்கள்!

இன்னுமொரு செய்தி. அதே ஹால்பெர்ஷ்டாட்டில் புனித புர்ஹார்டி ஆலயத்தில் ஜோன் கேஜ் என்ற அமெரிக்கரின் ஓர்கன் இசை ஒன்று 2001ஆம் ஆண்டிலிருந்து வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது முடியப்போவது 2640ஆம் ஆண்டில். மொத்தம் 639 ஆண்டுகள். 1361ஐ 2000இலிருந்து கழித்துப் பாருங்கள், அந்த 639 எங்கிருந்து வந்தது என்று விளங்கும். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள் உள்ளே போய் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வரலாம். சுரம் மாறாது. மாறுவதற்குச் சிலவேளை ஆண்டுகள் ஆகும்.

மூடாத வட்டம்

இனி ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

ஒரு தந்தியைச் சரி பாதியில் பிடித்து மீட்டினால் மேல்ஸ்தாயி ச கேட்கும். அதிர்வு இரண்டு மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ப கேட்கும். அதிர்வு ஒன்றரை மடங்கு. ச-வும் ப-வும் சேர்ந்து ஒலிக்கும் இனிமை எல்லா நாட்டவருக்கும் தெரிந்தது. நம் தம்பூராவின் தந்திகளையும் பெரும்பாலும் அப்படித்தான் கூட்டுகிறோம்.

கீபோர்டில் ட்செ-யை ச என்று வைத்து, அங்கிருந்து ஏழு கட்டை மேலே போனால் ப. அந்த ப-வை ச-வாக நினைத்து மறுபடி ஏழு கட்டை மேலே போங்கள். இடம் முடிந்தால் ஒரு ஸ்தாயி இறங்கிக்கொள்ளுங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால், ஒரு கட்டையையும் விடாமல், ஒன்றையும் இரண்டு தரம் தொடாமல், பன்னிரண்டையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய ட்செ-க்கே வந்து சேர்வீர்கள். பன்னிரண்டு என்ற எண் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் கணக்கில் ஒரு சிக்கல். ஒன்றரையைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் 129.746 வருகிறது. அதே இடத்துக்கு ஸ்தாயி ஸ்தாயியாக ஏறினால், அதாவது இரண்டை ஏழு தரம் பெருக்கினால், 128 வருகிறது. இரண்டும் ஒன்றாக வேண்டும், ஆகவில்லை. நூற்றுக்கு ஒன்றரையிலும் சற்றுக் குறைவான ஒரு மிச்சம் நிற்கிறது. ஓர் அரைச்சுரத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. வட்டம் மூடவில்லை.

குரலில் பாடுகிறவருக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. காது வழிகாட்ட, குரல் தானே சற்று ஏறி இறங்கிப் பொருந்திக்கொள்ளும். ஆனால் ஓர்கனின் குழாய் அப்படி அசையாது. வெட்டிய நீளம் வெட்டியதுதான். ஆகவே அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று ஓர்கன் செய்கிறவர் முடிவு செய்தாக வேண்டும்.

ஓநாய்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலான ஓர்கன்களில் செய்த முடிவு இது: அதிகம் பயன்படும் சுரங்களில் காந்தாரம், அதாவது க, மிக இனிமையாக ஒலிக்கும்படி கூட்டினார்கள். அதற்காகப் பதினொரு ச-ப உறவுகளைச் சற்றுச் சுருக்கினார்கள். அதன் விளைவாக, பன்னிரண்டாவது ச-ப உறவு தாங்கமுடியாத அளவுக்கு அகன்றுபோனது. அது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளின் நடுவே, யாரும் அதிகம் போகாத இடத்தில் ஒளிந்திருந்தது. அதைச் சேர்த்து அழுத்தினால் ஊளையிடுவதுபோல இருக்கும். அதனால் அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்தார்கள். ஜேர்மன் மொழியில் இன்றும் 'வொல்ஃப்ஸ்குவின்டே' என்பார்கள்.

ஓநாய் இருக்கும் திசைக்குப் போகாதவரை ஆராதனை இனிமையாக நடந்தது. ஆனால் சபையாரின் குரலுக்கு ஏற்பப் பாட்டை ஒரு கட்டை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால்? ஊளை கேட்கும். சில இடங்களில் கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து, முன் பாதிக்கு ஒரு சுரமும் பின் பாதிக்கு இன்னொரு சுரமும் வைத்துப் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் 'ட்சிஸ்' என்றும் 'டெஸ்' என்றும் ஒரே கட்டைக்கு இரண்டு பெயர் படிக்கிறார்கள் அல்லவா? அந்தக் காலக் காதுக்கு அவை இரண்டும் உண்மையாகவே வேறு சுரங்கள்.

எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்

இந்த இடத்தில் மறுபடியும் ஹால்பெர்ஷ்டாட் வருகிறது. அந்த ஊரின் மார்ட்டினி ஆலயத்தில் 1696 முதல் ஓர்கன் வாசித்தவர் அந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர். ஓநாயை ஓரிடத்தில் கட்டிவைப்பதைவிட, மிச்சத்தைப் பல சுரங்களுக்குப் பங்கிட்டுவிட்டால் எல்லாச் சுரத்திலிருந்தும் பாடலாமே என்று அவர் பல ஆண்டுகள் உழைத்தார். 1691இல் வெளியிட்ட நூலில் அதற்கு வழிகள் தந்தார். 'நன்றாகப் பதப்படுத்திய' சுருதி என்ற சொல்லை அவர் எழுத்தில் காண்கிறோம்.

அவருடைய முதல் வழிகளில் பங்கு சமமாக இருக்கவில்லை. சில சுரங்கள் அதிகம் விட்டுக்கொடுத்தன, சில விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் முதுமையில் அவர் சமமாகப் பங்கிடும் முறைக்கே ஆதரவாக எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டில், 1707இல், வெளிவந்த அவருடைய நூலில் அழகான ஒரு கருத்து இருக்கிறது. மிச்சத்தைப் பன்னிரண்டும் சரிசமமாகச் சுமந்து, எல்லா இடத்திலும் இசைவாக ஒலிக்கும் இந்தச் சுருதியை, பக்தர்கள் தேவனோடு என்றென்றும் வாழப்போகும் இசைவுக்கு ஓர் அடையாளமாக அவர் கண்டார்.

சமமாகப் பங்கிட்டால் கணக்கு எப்படி? ஒவ்வோர் அரைச்சுரமும் முந்தியதைப்போல 1.05946 மடங்கு. 440இலிருந்து தொடங்கினால் அடுத்தது 466.2, அதற்கடுத்தது 493.9. பன்னிரண்டு படி ஏறியதும் சரியாக 880. வெர்க்மைஸ்டருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1584இல், சீனாவின் மிங் அரச குடும்பத்து இளவரசர் ஜூ ஸாய்யூ இந்த எண்ணை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு எழுதிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

1722இல் கோதென் நகரில் யோஹான் செபஸ்தியான் பாக், பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வகையாக, 24 சோடி இசைகளை எழுதித் தொகுத்தார். அதன் தலைப்பில் அந்த 'நன்றாகப் பதப்படுத்திய' என்ற சொல்லையே வைத்தார். அவர் எண்ணியது முழுச் சமமான பங்கீடுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டில் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எங்கும் ஓநாய் இல்லை என்பதை அந்த நூல் காட்டியது. சமப்பங்கீடு எல்லா இடத்திலும் நடைமுறையாக மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் சமாதானத்துக்கு விலை உண்டு. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், கீபோர்டின் ப இயற்கையான ப-வைவிட ஏறத்தாழ 2 பங்கு குறைவு. அது காதுக்குத் தெரியாது. ஆனால் க ஏறத்தாழ 14 பங்கு கூடுதல். அது நல்ல காதுக்குத் தெரியும். தம்பூராவோடு பாடிப் பழகிய பெரியவர்கள் "கீபோர்டின் காந்தாரம் ஒட்டவில்லை" என்று சொன்னால், அது பழைமைவாதம் அல்ல. அவர்கள் காது சொல்வது உண்மை.

தரங்கம்பாடியில் கரையிறங்கிய பாட்டு

வெர்க்மைஸ்டர் இறந்தது 1706இல். அதே ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, ஹாலேயில் படித்த பர்த்தொலோமேயு சீகன்பால்க், தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழில் சீர்திருத்தச் சபையின் ஆராதனை அங்கேதான் தொடங்கியது. ஜேர்மன் பாமாலைகள் தமிழாயின. 1740இல் வந்த பப்ரிசியஸ் பல பாமாலைகளை மொழிபெயர்த்தார். மெட்டு ஜேர்மன் மெட்டு, சொல் தமிழ்ச் சொல். நாம் ஞானப்பாட்டு என்று பாடுபவற்றில் பல அந்த வழியில் வந்தவை.

ஆனால் தமிழ்ச் சபை அந்த மெட்டுகளோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஹாலேயிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் கல்வி கற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் கர்நாடக இராகங்களில் கீர்த்தனைகள் பாடினார், 1800இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். 1853இல் மதுரையிலிருந்த அமெரிக்க ஊழியர் எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இப்படி ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. இன்றும் நம் சபையில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கீர்த்தனைக்கும் பன்னிரண்டு உண்டா? உண்டு. கர்நாடக இசையில் ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சுரஸ்தானங்கள். அவற்றுக்குப் பதினாறு பெயர்கள், ஏனென்றால் நான்கு இடங்களுக்கு இரண்டு பெயர். ட்சிஸ், டெஸ் கதையைப் போலத்தான். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி இந்தப் பன்னிரண்டையும் வைத்துத்தான் 72 மேளங்களைக் கணக்கிட்டார். பிள்ளைகளே, கீபோர்டில் ட்செ-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் அது சங்கராபரணம். ரி, த இரண்டையும் பக்கத்தில் உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு இறக்கினால் மாயாமாளவகௌளை. சங்கீத வகுப்பில் சரளி வரிசை பாடுவது இதில்தான்.

நம்மவர்கள் "ஒன்றரைக் கட்டை", "நாலரைக் கட்டை" என்று சுருதி சொல்வதும் இந்தக் கட்டைகளை எண்ணித்தான். வெள்ளை முழு எண், கறுப்பு அரை எண். "மூன்றரைக் கட்டை" என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள். மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் இடையில் கறுப்பு இல்லை. இந்தப் பேச்சு வழக்கு ஆர்மோனியப் பெட்டியோடு வந்தது. 1842இல் பாரிசில் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற அந்தக் கருவியை, 1875இல் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றினார். அதன் பின் அது ஆலயங்களுக்கும் பஜனை மண்டபங்களுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் பரவியது.

எல்லாரும் அதை வரவேற்கவில்லை. கட்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவும், நம் இசையோ வழுக்கிப் போகும், அசையும். அந்தக் கமகம் ஆர்மோனியத்தில் வராது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1970களில்தான் அந்தத் தடை தளர்ந்தது.

தஞ்சாவூர்ப் பண்டிதர்

இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்த ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியராக வேலை செய்தார், சித்த வைத்தியம் கற்றார். தஞ்சாவூரில் கருணாநிதி வைத்தியசாலை நடத்திப் பெயரும் பொருளும் சம்பாதித்தார். அந்தப் பொருளை இசைக்குச் செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கித் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். மேல்நாட்டு இசையும் கற்றிருந்தார், கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார்.

அவர் மனதை வாட்டிய கேள்வி இது: ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதிகள் என்று சாஸ்திர நூல்கள் சொல்கின்றன. ஆனால் பாடுகிறவர்களும் வீணை வாசிக்கிறவர்களும் நடைமுறையில் கொள்வது பன்னிரண்டு சுரஸ்தானங்கள். எது சரி? அவர் சிலப்பதிகாரத்துக்குத் திரும்பிப் போனார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு தமிழ்ச் சுரங்களையும், அவற்றைப் பன்னிரண்டு இராசி வீடுகளின் வட்டத்தில் வைக்கும் பாலை முறையையும் ஆராய்ந்தார். குரலிலிருந்து இளி, அந்த இளியிலிருந்து அடுத்த இளி என்று போனால் பன்னிரண்டு வீடும் நிறைந்து தொடங்கிய வீட்டுக்கே திரும்ப வேண்டும். மூன்றில் இரண்டு என்ற கணக்கோடு போனால் வட்டம் மூடாது. ஆகவே வட்டம் மூடும்படி ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகவும், நுட்பத்துக்கு இருபத்துநான்கு சம சுருதிகளாகவும் பழந்தமிழர் பிரித்திருந்தனர் என்பது அவர் வாதம்.

ஹால்பெர்ஷ்டாட்டில் ஓர்கன் வாசித்தவரும் தஞ்சாவூர் வைத்தியரும் ஒரே மிச்சத்தைக் கண்டு, ஒரே மாதிரித் தீர்வுக்கு வந்தார்கள் என்பது ஆச்சரியம் அல்லவா? 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் பண்டிதர் தம் கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய பெண்பிள்ளைகள் பாடி வாசித்து விளக்கிக் காட்டினார்கள். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேல், கணக்குகளும் அட்டவணைகளுமாக. பழந்தமிழரின் பிரிப்பு சரிசமமானதுதான் என்ற அவர் முடிவை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை, விவாதம் இன்றும் உண்டு. ஆனால் தமிழிசையை நூல் ஆதாரத்தோடும் கணக்கோடும் ஆராயலாம் என்று காட்டிய முன்னோடி அவர் என்பதில் சந்தேகம் இல்லை.

நம் சபைக்கு

இவ்வளவையும் ஏன் சொல்ல வேண்டும்? இந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் பியானோவும் கிற்றாரும் நன்றாகப் படிக்கிறார்கள். ஞானப்பாட்டும் புதுப்பாட்டும் அவர்கள் விரலில் தயங்காமல் வருகின்றன. கீர்த்தனை வரும்போதுதான் விரல் தடுமாறுகிறது. 'அம்மம்மா பாடும் சுரம் கட்டையில் இல்லையே' என்று பிள்ளை நினைக்கிறது. 'பிள்ளைக்கு இராகம் வராது' என்று பெரியவர் நினைக்கிறார். இந்த இரண்டு நினைப்பும் சேர்ந்தால், கீர்த்தனை ஒருநாள் ஆராதனையிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும். நூல் அலுமாரியில் இருக்கும், பாட ஆள் இருக்காது.

பிள்ளைகளே, அம்மம்மா பாடுவது தவறான சுரம் அல்ல. அந்தப் பன்னிரண்டு இடங்களேதான், ஆனால் அவர் அவற்றுக்கு இடையில் உள்ள வழியாலும் நடந்து போகிறார். கட்டையில் அந்த வழி இல்லை, குரலில் உண்டு. ஆகவே கீர்த்தனையை முதலில் குரலால் படியுங்கள், பிறகு கட்டைக்குப் போங்கள். பெரியவர்களே, பிள்ளை அழுத்தும் கட்டையும் அந்நியமானது அல்ல. ஆலயம் பாடுவதற்கென்றே பல நூறு ஆண்டுகளாகச் சரிசெய்யப்பட்டது அது.

பாடகர் குழுவுக்கு ஒரு சின்ன யோசனை. கீர்த்தனைக்குக் கீபோர்ட் வாசிக்கும்போது, இடக்கையில் முழுக் கோர்ட் பிடிக்காமல், ச-வையும் ப-வையும் மட்டும் தம்பூராபோல நீளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். க-வைப் பாடுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். ப-வில் வேறுபாடு கேட்காது, க-வில்தான் மோதும். சபையாரின் குரலுக்கு ஏற்ற கட்டையை முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞானப்பாட்டுக்கு முழுக் கோர்ட்டும் பிடியுங்கள், அது அதற்கென்றே பிறந்தது. பயிற்சி நாளில் ஒரு கீர்த்தனையைக் கருவியில்லாமல் ஒரு மூத்தவர் பாட, பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடட்டும். பதினைந்து நிமிடம் போதும்.

பன்னிரண்டு சுரங்களில் ஒன்றுகூடத் தன் முழு இனிமையையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால்தான் ஓநாய் போனது, எந்தக் குரலும் எந்தக் கட்டையிலிருந்தும் பாட இடம் கிடைத்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு சபைப் பழக்கங்களோடு வந்து, இந்த அந்நிய நாட்டில் ஒரே மண்டபத்தில் கூடி இத்தனை ஆண்டுகள் ஒன்றாகப் பாடிவந்த நமக்கு, அந்த விட்டுக்கொடுத்தல் புதிதல்ல. வரும் ஆண்டுகளிலும் கர்த்தர் நம்மை அதே இசைவில் நடத்துவாராக.

தேவனுக்கே மகிமை உண்டாவதாக.